ஜான் ஆபிரகாம் (நடிகர் இல்லைங்க, கழுதைப் படம் எடுத்தவர்): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாசக் கடைசி, இவர் நினைவு நாள் வந்தாலே இவரப் பத்திப் பேச்சு வரும், அப்ப ஒரே மாதிரி கேள்வியா வரும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வச்சிடறேன். நான் சினிமா படிச்சவன் இல்ல, பாத்தவன், அவ்ளோதான்.

எந்த ஜான் ஆபிரகாம்? பைக்ல வருவாரே, அவரா?

இல்ல. அவர் பம்பாய் நடிகர். அவர் மேல எனக்கு ஒரு கோவமும் கிடையாது, ஆனா கூகுள்ல இவர் பேரப் போட்டா நாப்பது பக்கத்துக்கு அவர் ஜிம் போட்டோதான் வருது. நான் சொல்றது 1937-ல பொறந்து 1987-ல செத்துப்போன மலையாள டைரக்டர். தாடி, கலைஞ்ச தலை, தோள்ல ஒரு பை. போட்டோ பாத்தா ஏதோ சாமியார்னு நினைப்பீங்க.

சரி, யாரு இவரு, சுருக்கமா?

கேரளாக்காரர். காலேஜ் முடிச்சிட்டு பெல்லாரில எல்ஐசி ஆபீஸ்ல வேலை பாத்தாரு. எல்ஐசி வேலைன்னா அந்தக் காலத்துல பொண்ணு குடுக்க வரிசைல நிப்பாங்க. அத விட்டுட்டு புனே பிலிம் இன்ஸ்டிடியூட்ல போய் சேர்ந்தாரு. அங்க திரைக்கதை, டைரக்‌ஷன் ரெண்டுலயும் தங்க மெடல் வாங்கிட்டு வெளிய வந்தாரு. இந்தி டைரக்டர் மணி கௌலோட முதல் படம் 'உஸ்கி ரோட்டி'ல (1969) உதவியாளரா வேலை. அப்புறம் சொந்தமா நாலே நாலு முழுநீளப் படம். 49 வயசுல போயிட்டாரு.

சுதந்திர சினிமான்னா என்னன்னு யாராவது கேட்டா நான் இவரத்தான் சொல்லுவேன். 'இண்டி'ங்கற வார்த்தைய நாம இப்ப சின்ன பட்ஜெட்டுக்கு வேற பேரா ஆக்கிட்டோம். கம்மி காசுல எடுத்தா இண்டி, பெஸ்டிவலுக்குப் போனா இண்டி. ஜான் விஷயத்துல அது வேற. காசு எவ்ளோங்கறது ரெண்டாவது, யார் காசுங்கறதுதான் அவருக்கு முதல் கேள்வி. இந்த ஒரு விஷயத்தப் புடிச்சிக்கிட்டா கீழ இருக்கற பாதி கேள்விக்கு விடை தானா வந்துரும்.

நாலே படமா? ஏன்?

'வித்யார்த்திகளே இதிலே இதிலே' (1972), 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977), 'செரியாச்சன்டெ க்ரூரக்ருத்யங்ஙள்' (1979), 'அம்ம அறியான்' (1986). இதுக்கு நடுவுல குறும்படம், டாக்குமெண்டரி, தெரு நாடகம், சிறுகதைன்னு ஏதேதோ பண்ணிட்டே இருந்தாரு. 'நேர்ச்சக்கோழி'ன்னு அவரோட சிறுகதைத் தொகுப்பு ஒண்ணு மலையாளத்துல இருக்கு. நம்ம ஊர் நேர்த்திக்கடன் கோழிதான் அது, தலைப்பே பாதி கதையைச் சொல்லிருது.

ஏன் கம்மின்னா, முதல் படத்துக்கு அப்புறம் வழக்கமான தயாரிப்பாளர் யாருக்கும் இவர் சரிப்பட்டு வரல, இவருக்கும் அவங்க சரிப்பட்டு வரல. அந்த முதல் படத்துல அடூர் பாசி, மது மாதிரி பெரிய ஆளுங்கதான் நடிச்சாங்க. ஸ்கூல் பசங்க பந்து விளையாடறப்ப ஒரு சிலை உடைஞ்சுபோகுது, அதுக்கு தண்டமா பசங்களே காசு சேர்க்க கிளம்புறாங்க, இதான் கதை. அப்ப யாரும் பெருசா கண்டுக்கல. ஆனா கவனிச்சுப் பாருங்க, பசங்க தெருவுல எறங்கி காசு சேர்க்கற கதைய எடுத்த மனுஷன், பன்னெண்டு வருஷம் கழிச்சு தானே தெருவுல எறங்கி காசு சேர்த்தாரு. எனக்கு இது எப்ப நினைச்சாலும் சிரிப்பு வரும்.

'அக்ரஹாரத்தில் கழுதை' தமிழ்ப் படமா? உண்மையிலேயே?

ஆமாங்க, அசல் தமிழ்ப் படம், டப்பிங் கிடையாது. 1977-க்கான சிறந்த தமிழ்ப் படம் தேசிய விருது அதுக்குத்தான். அது எந்த வருஷம்னு யோசிங்க, '16 வயதினிலே' வந்த வருஷம். ஸ்டூடியோவ விட்டுட்டு தமிழ் சினிமா கிராமத்துக்குப் போன வருஷம்னு எல்லாரும் எழுதுவாங்க. அதே வருஷம் ஒரு மலையாளி இன்னொரு பக்கமா ஒரு தமிழ் கிராமத்துக்குள்ள ஒரு கழுதைக்குட்டியோட நுழைஞ்சாரு, அத யாரும் எழுத மாட்டாங்க. சப்பாணியையும் மயிலையும் தெரியாத ஆள் தமிழ்நாட்டுல இல்ல. இந்தக் கழுதைக்கு 'சின்னா'ன்னு பேருங்கறது எத்தனை பேருக்குத் தெரியும்?

கதை என்ன? (முடிவையும் சொல்லிருக்கேன், வேண்டாம்னா அடுத்த கேள்விக்குப் போங்க)

மெட்ராஸ்ல ஒரு காலேஜ் புரபசர், நாராயணசாமி, தனி ஆளு. தாய்க்கழுதையை ஒரு கும்பல் அடிச்சுக் கொன்னுடுது, அதோட குட்டி இவர் வீட்டுக்குள்ள வந்து நிக்குது. மனசு கேக்காம வளர்க்க ஆரம்பிக்கிறாரு. காலேஜ்ல கேலி, கார்ட்டூன், பிரின்ஸிபால் கூப்பிட்டு விசாரணை வேற. தாங்க முடியாம குட்டியத் தன் சொந்த ஊர் அக்ரஹாரத்துக்குக் கொண்டுபோய், அங்க இருக்கற வாய் பேச முடியாத உமாங்கற பொண்ணுகிட்ட பாத்துக்கச் சொல்லி விட்டுட்டு வர்றாரு.

ஊர்ல அப்புறம் எது நடந்தாலும் கழுதைதான் காரணம். பசங்க வேணும்னே அதை விசேஷ வீட்டுக்குள்ள வெரட்டி விடுவானுங்க, திட்டு கழுதைக்கு. உமாவ ஒருத்தன் ஏமாத்திடறான், அவளுக்குக் குழந்தை செத்துப் பொறக்குது, அந்தச் சின்ன உடம்ப கோவில் வாசல்ல போட்டுடறாங்க, பழி மறுபடி கழுதை மேல. அடிச்சே கொல்றாங்க. இதுவரைக்கும் சோகக் கதை. இதுக்கு அப்புறம்தான் ஜான் வேலைய காட்றாரு. கழுதை செத்ததும் ஊர்ல நல்லது நடக்க ஆரம்பிக்குது, இல்ல, நடக்கற மாதிரி அவங்களுக்குத் தோணுது. உடனே அது தெய்வமாயிருது. உயிரோட இருந்தப்ப கல்லால அடிச்ச அதே ஜனம் கும்பிடுது. பொதைச்ச எடத்தத் தோண்டி மண்டையோட்ட எடுத்து தீ மூட்டி சடங்கு பண்ணப்போக, அந்தத் தீயிலயே ஊர் எரியுது. மிஞ்சறது புரபசரும் உமாவும்தான்.

கொன்ன கையாலேயே கும்பிடற பழக்கம் அக்ரஹாரத்துக்கு மட்டும் சொந்தமா என்ன. எங்க ஊர் பக்கம் கொலையுண்டு செத்தவங்களுக்கு நட்ட கல்லு எத்தனை இருக்கு தெரியுமா, பாதிக்கு மேல பொங்கல் வைக்கறது கொன்னவன் வம்சம்தான்னு எங்க பாட்டி சொல்லும்.

அப்ப இது பிராமண எதிர்ப்புப் படம்தானே?

இதுக்கு ஆமாவும் இல்லையும் ரெண்டுமே சொல்லணும். அக்ரஹாரத்த நக்கல் பண்ற படம்தான், சந்தேகமே வேண்டாம், வைதீகத்த ஒரு சீன்ல கூட விட்டு வைக்கல. ஆனா மேடைல நின்னு திட்டற படம் இல்ல. திரைக்கதை எழுதினவர் வெங்கட் சாமிநாதன், உடையாளூர்க்காரர், கும்பகோணம் பக்கம், அந்த வீட்டுத் திண்ணைல வளர்ந்தவர். அந்தப் பேச்சு, அந்தச் சாப்பாடு, அந்த முணுமுணுப்பு எல்லாம் உள்ள இருந்து தெரிஞ்சவரோட எழுத்து. வெ.சா.வ தெரிஞ்சவங்களுக்கு இது வேடிக்கையா இருக்கும், ஏன்னா அவர் இடதுசாரி இலக்கியத்தோடயும் திராவிட இயக்கத்தோடயும் வாழ்நாள் பூரா சண்டை போட்ட விமர்சகர். அவர் எழுதி, இடதுசாரிகளோட சுத்தற ஒருத்தர் டைரக்ட் பண்ணி, கம்யூனிஸ்டான எம்.பி.சீனிவாசன் நடிச்சு இசையமைச்ச படம் இது! இந்த மூணு பேரையும் ஒரே ரூம்ல உக்கார வச்சு பேச விட்டா என்ன ஆயிருக்கும்னு நான் அடிக்கடி யோசிப்பேன். படம் எடுக்க விட்டா இது வந்துச்சு.

எம்.பி.சீனிவாசன் மியூசிக் டைரக்டர் இல்லையா, நடிச்சாரா?

புரபசரே அவர்தான். எம்பிஎஸ்ஸ நம்மாளுங்க மறந்துட்டாங்க, மலையாளிங்க மறக்கல. மெட்ராஸ் யூத் கொயர்னு சேர்ந்திசைக் குழு ஆரம்பிச்சவர். 1960-ல வந்த 'பாதை தெரியுது பார்' படத்துக்கு அவர்தான் இசை, 'தென்னங்கீற்று ஊஞ்சலிலே' கேட்டிருப்பீங்க, எழுதினது ஜெயகாந்தன். அந்தப் படமும் ஒரு முதலாளி காசுல வந்தது இல்ல, பல பேர் சேர்ந்து பணம் போட்டு, வங்காளத்துலேர்ந்து வந்த நிமாய் கோஷ் டைரக்ட் பண்ணது. ஆக, கூட்டா காசு போட்டு படம் எடுக்கற வேலைல ஏற்கனவே ஒரு தடவ கைய சுட்டுக்கிட்ட மனுஷன் எம்பிஎஸ். அந்த அனுபவத்தப் பத்தி அவரும் ஜானும் பேசிருப்பாங்கன்னுதான் என் மனசு சொல்லுது.

படத்தைத் தடை பண்ணிட்டாங்கன்னு சொல்றாங்களே?

சென்சார் சர்டிபிகேட் வாங்கின படம், தேசிய விருதும் வாங்கின படம். ஆனா தியேட்டருக்கு ஒழுங்கா வரல. தூர்தர்ஷன்ல போடறதா சொல்லிட்டு, எதிர்ப்பு கிளம்பினதும் நிறுத்திட்டாங்க. தடைன்னு பேப்பர்ல எழுதிக் குடுத்தாத்தான் தடையா? யாரும் பாக்க முடியாம வச்சாலே போதுமே. இதுல எனக்கு ரொம்ப வருத்தம் என்னன்னா கோவப்பட்டவங்க கூட கொஞ்ச பேருதான், மத்தவங்க கண்டுக்கவே இல்ல. தமிழ்ப் பத்திரிகைகள் அப்ப இந்தப் படத்துக்குக் குடுத்த எடம் ரொம்பக் கம்மி. ரொம்ப வருஷம் கழிச்சு 2013-ல ஒரு இங்கிலீஷ் சேனல் இந்திய சினிமாவோட தலைசிறந்த 100 படம்னு பட்டியல் போட்டப்ப இது அதுல இருந்துச்சு, அப்பதான் நம்மாளுங்க பல பேர் 'அட நம்ம படமா'ன்னு தேட ஆரம்பிச்சாங்க.

பிரெஸ்ஸோன் கழுதைப் படத்தோட காப்பியா?

1966-ல பிரெஞ்சு டைரக்டர் பிரெஸ்ஸோன் ஒரு கழுதையோட வாழ்க்கைய படமா எடுத்தாரு, பிலிம் இன்ஸ்டிடியூட்ல படிச்ச ஜானுக்கு அது தெரியாம இருக்காது. ஆனா அந்தக் கழுதை ஆட்டு மந்தைக்கு நடுவுல அமைதியா செத்துப்போகும், நம்ம கழுதை செத்து ஊரையே எரிக்கும். இதுக்கு மேல காப்பி பஞ்சாயத்து பேச எனக்கு இஷ்டம் இல்ல.

செரியாச்சன் படம் எப்படி?

பேரு 'செரியாச்சனின் கொடூரச் செயல்கள்'னு வரும், ஆனா அந்த ஆளு ஒரு கொடூரமும் பண்றதே இல்ல, அதான் படம். குட்டநாட்டுல ஒரு நிலச்சுவான்தாரு. வயல்காட்டு கூலிக்காரங்களப் போலீஸ் கொல்றத ஒளிஞ்சு நின்னு பாத்துடறாரு. தடுக்கவும் இல்ல, வெளில சொல்லவும் இல்ல, ஆனா அன்னிலேர்ந்து 'நான்தான் பண்ணேன், என்னைப் புடிக்க வர்றாங்க'ன்னு பயம் தலைக்கேறி ஆளு கொஞ்சம் கொஞ்சமா கழண்டு போறாரு. நடிச்சது அடூர் பாசி. மலையாளத்துல அவர் பெரிய காமெடியன், நம்ம நாகேஷ் எடம்னு வச்சுக்கோங்க. 1979-க்கு கேரள அரசோட சிறந்த நடிகர் விருது இதுக்குத்தான் அவருக்கு. தண்ணியும் வயலுமா இருக்கற அந்த ஊர்ல ஓடி ஒளிய ஒரு மறைப்பு கிடையாது பாருங்க, அந்த வெட்டவெளியே அவர பைத்தியமாக்குது.

ஜான் படங்கள்ல இதப் பத்தி ஜனங்க அதிகமா பேசறதில்ல. எனக்கு ரொம்பப் புடிச்சதும் இதுதான், ஆனா இத வெளில சொன்னா ஜான் ரசிகர்கள் அடிக்க வருவாங்க, அவங்களுக்கு 'அம்ம அறியான்'தான் வேதம்.

ஒடெஸ்ஸான்னா என்ன?

இதுக்குத்தான் இவ்ளோ நேரம் காத்துட்டு இருந்தேன்.

1984-ல கோழிக்கோட்டுல ஜானும் நண்பர்களும் சேர்ந்து ஆரம்பிச்ச கூட்டம். ரஷ்ய டைரக்டர் ஐசன்ஸ்டைனோட 'போட்டம்கின்' படத்துல ஒடெஸ்ஸா படிக்கட்டு சீன் வருமே, அந்தப் பேரு. யோசனை ரொம்ப சிம்பிள். படம் எடுக்க தயாரிப்பாளர் காசு வேணும், அவர் காசுன்னா அவர் சொல்றதக் கேக்கணும். படம் ஓட விநியோகஸ்தர் வேணும், தியேட்டர் வேணும், அவங்க சொல்றதயும் கேக்கணும். கடைசில படம் பாக்கற ஜனத்த மட்டும்தான் யாரும் எதுவும் கேக்கறதில்ல. அப்ப அந்த ஜனத்துகிட்டயே காசு கேட்டா என்ன?

கேட்டாங்க. ஊர் ஊரா போனாங்க. கொட்டு அடிச்சு கூட்டம் கூட்டுறது, தெரு நாடகம் போடறது, ப்ரொஜெக்டர கொண்டுபோய் திரை கட்டி சாப்ளினோட 'தி கிட்' போடறது, முடிஞ்சதும் துண்டேந்தறது. டிக்கெட் கிடையாது, இருக்கறவங்க இருக்கறத போடுவாங்க, ஒரு ரூபாயும் விழும், பத்து ரூபாயும் விழும், காலணா இல்லாதவன் சாப்பாடு போடுவான். இப்படிச் சேர்ந்த காசுலதான் 'அம்ம அறியான்' கிளம்புச்சு. படம் முடிஞ்சதும் அதே மாதிரி ஊர் ஊரா கொண்டுபோய்க் காட்டுனாங்க, அவங்க காசு, அவங்க படம், கணக்கு சரி.

நம்ம ஊர்ல கோவில் கொடைக்கு வரி வாங்கி கூத்து வைக்கறதில்லையா? விடிய விடிய கூத்து நடக்கும், யாரும் டிக்கெட் எடுக்கறதில்ல, ஆனா ஊர்ல எல்லாரும் தலைக்கட்டுக்கு இவ்ளோன்னு குடுத்திருப்பாங்க, அதனால கட்டியங்காரன் யார வேணா கிண்டலடிக்கலாம், ஊர் பெரியமனுஷன் உட்பட. கூத்துக்கு இருக்கற அந்த உரிமைய சினிமாவுக்கு வாங்கித் தரப் பாத்தாருன்னுதான் எனக்குத் தோணும்.

மக்கள் காசுன்னா 'மந்தன்'தானே முதல்ல?

நல்ல கேள்வி, இத கேக்கறவங்கள எனக்குப் புடிக்கும். ஷியாம் பெனகலோட 'மந்தன்' 1976-லயே வந்துருச்சு, குஜராத் பால் விவசாயிங்க அஞ்சு லட்சம் பேர் ஆளுக்கு ரெண்டு ரூபா போட்டது. அது நெஜமாவே பெரிய விஷயம்தான், சின்னதா பேசல. ஆனா அங்க ஒரு கூட்டுறவு சங்கம் இருந்துச்சு, பால் காசுல ரெண்டு ரூபாய புடிச்சுக்கலாம், படமும் அந்தக் கூட்டுறவு எப்படி உருவாச்சுங்கற கதை. ஒடெஸ்ஸாவுக்குப் பின்னாடி சங்கமும் இல்ல, பால் கணக்கும் இல்ல, படம் எதப் பத்தின்னு காசு போட்டவனுக்கு முழுசா தெரியவும் தெரியாது. சாப்ளின பாத்துட்டு, முன்ன பின்ன தெரியாத தாடிக்காரன் ஒருத்தன நம்பி காசு போட்டவங்க அவங்க.

'அம்ம அறியான்'ன்னா அர்த்தம் என்ன?

தமிழன் படிச்சா தப்பா புரிஞ்சுக்கற தலைப்பு இது, நானும் அப்படித்தான் புரிஞ்சுக்கிட்டேன். தமிழ்ல 'அறியான்'னா அறியாதவன், அறிய மாட்டான். மலையாளத்துல நேர் தலைகீழ், 'அறியறதுக்காக'ன்னு அர்த்தம். அதாவது 'அம்மாவுக்குத் தெரியப்படுத்த', லெட்டர் ஆரம்பத்துல எழுதுவோமே அந்த மாதிரி. படமே ஒரு மகன் அம்மாவுக்கு எழுதற கடுதாசிதான்.

புருஷன்னு ஒரு இளைஞன், வயநாட்டுலேர்ந்து டெல்லிக்குக் கிளம்பறான். மலைப்பாதைல வழியில ஒரு மரத்துல தொங்குன பிணத்தப் பாக்கறான். எங்கயோ பாத்த முகம், யாருன்னு ஞாபகம் வரல. டெல்லிய விட்டுட்டு விசாரிச்சுப் போறான். ஹரி, தபலா வாசிக்கறவன், நக்சலைட் இயக்கத்துல இருந்தவன், போலீஸ் கைல சிக்குனவன்னு தெரிய வருது. அவனோட அம்மா கொச்சில இருக்காங்க, அவங்களுக்குச் சொல்லணும். ஒருத்தனா கிளம்பறவன் கூட ரெண்டு பேர், நாலு பேர்னு சேர்ந்துகிட்டே போறாங்க. கூட வர்ற ஒவ்வொருத்தனும் தன் அம்மாகிட்ட சொல்லிட்டுக் கிளம்பறான், அதனால வழி நெடுக ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் ஒரு அம்மா நிக்கறாங்க. கொச்சி போய்ச் சேர்றப்ப ஒரு ஊர்வலமே ஆயிருது.

புருஷனா நடிச்சவர் ஜாய் மேத்யூ, பின்னாடி 'ஷட்டர்' படம் எடுத்தாரே அவர்தான். ஹரியா வர்றவர் ஹரிநாராயணன், நெஜத்துலயும் தாளவாத்தியக் கலைஞர். கேமரா வேணு, எடிட்டிங் பீனா பால், முழுக்கக் கருப்பு வெள்ளை. வேணுவுக்கு தேசிய விருது, ஜானுக்கு தேசிய விருதுல சிறப்பு ஜூரி பரிசு. பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிடியூட் தலைசிறந்த பத்து இந்தியப் படம்னு போட்ட லிஸ்ட்ல தெற்கத்திப் படம் இது ஒண்ணுதான்.

நக்சல் படமா இது?

நக்சலைட் இயக்கம் ஓஞ்சுபோன பின்னாடி மிச்சம் இருந்த பசங்களோட படம். கேரளாவுல அந்தத் தலைமுறைக்கு என்ன ஆச்சுன்னு கொஞ்சம் தெரிஞ்சுகிட்டுப் பாக்கணும். 1970 பிப்ரவரில வயநாடு திருநெல்லில நக்சலைட் தலைவர் வர்கீஸ போலீஸ் சுட்டுச்சு, மோதல்ல செத்தான்னு சொன்னாங்க. கட்டி வச்சு சுட்டோம்னு ஒரு கான்ஸ்டபிள் 1998-லதான் வாயத் திறந்தாரு. எமர்ஜென்சில, 1976 மார்ச்ல, கோழிக்கோடு இன்ஜினியரிங் காலேஜ் பையன் ராஜன கக்கயம் கேம்ப்புக்குத் தூக்கிட்டுப் போனாங்க, உடம்பு கூட கிடைக்கல. அவன் அப்பா ஈச்சர வாரியர் கோர்ட்டு கோர்ட்டா ஏறி இறங்கினாரு, அதுல முதலமைச்சர் கருணாகரன் பதவியே போச்சு. ராஜனோட அம்மாவுக்கு மகன் செத்தத ரொம்ப நாள் சொல்லவே இல்ல, அவங்க மனநிலை சரியில்லாம அவனக் கேட்டுட்டே இருந்தாங்க. இது தெரிஞ்ச கோழிக்கோட்டுக்காரனுக்கு 'அம்மாவுக்குத் தெரியப்படுத்த'ங்கற தலைப்பு எப்படி இறங்கியிருக்கும்.

ஆனா வீரவணக்கப் படம் கிடையாது. ஹரி ஏன் செத்தான்னு கேக்கறப்ப ஆளுக்கொரு பதில், அவனை ஒழுங்கா தெரிஞ்சவன் ஒருத்தனும் இல்ல.

சத்தியமா சொல்றேன், பாத்தேன், போர் அடிச்சுது.

தப்பில்ல. எனக்கும் முதல் தடவ தூக்கம் வந்துச்சு, ஏதோ ஒரு தேஞ்சுபோன பிரிண்ட், பாதி வசனம் கேக்கல, முகமும் தெரியல, யாரு எவன்னே புரியல. ரெண்டாவது தடவ பெரிய திரைல நூறு பேரோட பாத்தப்பதான் புடிபட்டுச்சு, நடந்துகிட்டே இருக்கற படம் அது, நாமளும் கூடவே நடக்கணும், போன்ல பத்து நிமிஷம் தள்ளித் தள்ளிப் பாத்தா ஒண்ணும் நிக்காது. அதுக்காக குறையே இல்லன்னு சொல்ல மாட்டேன். நடுவுல நிஜப் போராட்டங்கள், பழைய துப்பாக்கிச்சூடு எல்லாத்தையும் கதைக்குள்ள இழுத்துட்டு வர்றப்ப சில எடம் ஒட்டாம நிக்குது. நடிகர்கள்ல பாதிப் பேர் புதுசு, அது சில எடத்துல அழகு, சில எடத்துல மனப்பாடம்.

ஆளு பயங்கர குடிகாரராமே?

குடிப்பாரு. நிறைய. கேரளாவுல யாரக் கேட்டாலும் ஒரு ஜான் கதை சொல்லுவாங்க, ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவத் தட்டுனாரு, கடன் வாங்கி அத அடுத்த ஆளுக்குக் குடுத்துட்டாரு, அது இதுன்னு. எத்தனை கதை நெஜம், எத்தனை சேர்த்ததுன்னு யாராலயும் பிரிக்க முடியாது. எனக்கு இந்தக் கதைங்க மேல ஒரு கோவம் உண்டு. ஒரு ஆளு பத்து வருஷம் குடிச்சதப் பத்தி ஆயிரம் கதை இருக்கு, அதே ஆளு ஊர் ஊரா நடந்து ஒரு ரூபா ரெண்டு ரூபாயா சேர்த்து ஒரு முழுப்படத்த முடிச்சதப் பத்தி நாலு கதைதான் இருக்கு. கணக்கு எழுதணும், ப்ரொஜெக்டர் வாடகை குடுக்கணும், லேபுக்குக் காசு கட்டணும், சாப்பாடு போடணும். வெறும் கிறுக்கனால இதெல்லாம் முடியாதுங்க. கூட இருந்தவங்க பாதி சுமந்தாங்க, வாஸ்தவம், ஆனா சுமக்கறதுக்கு அத்தன பேரச் சேர்த்தது யாரு? 'ஜீனியஸ், ஆனா குடி'ன்னு சொல்லி முடிச்சுட்டா அப்புறம் அந்த வேலையப் பத்திப் பேச வேண்டியதில்ல பாருங்க, நமக்கும் சௌகரியம்.

கட்டக் கிட்ட படிச்சாராமே?

ஆமா, வங்காள டைரக்டர் ரித்விக் கட்டக் 1965 வாக்குல கொஞ்ச காலம் புனேல பாடம் எடுத்தாரு. மணி கௌல், குமார் ஷஹானி, ஜான் எல்லாம் அந்த செட்டு. மத்த ரெண்டு பேரும் அவர்கிட்டேர்ந்து வடிவத்த எடுத்துக்கிட்டாங்க, ஜான் ஜனத்த எடுத்துக்கிட்டாரு. குடியையும்னு சொல்லி சிரிப்பாங்க, முந்தின பதில திரும்பப் படிங்க.

எப்படி இறந்தாரு?

கோழிக்கோட்டுல ஒரு மாடிலேர்ந்து விழுந்துட்டாரு. 1987 மே 31-ம் தேதி உயிர் போச்சு. 'அம்ம அறியான்' வந்து ஒரு வருஷம் கூட சரியா ஆகல. எம்பிஎஸ்ஸும் அடுத்த வருஷமே, 1988 மார்ச்ல, லட்சத்தீவுல இறந்துட்டாரு. வெ.சா. மட்டும் 2015 வரைக்கும் இருந்தாரு.

எடுக்க நினைச்சு எடுக்காத படம் ஏதாவது?

கய்யூர். வடக்கு மலபார்ல 1941-ல நடந்த விவசாயிகள் போராட்டம், ஒரு போலீஸ்காரர் ஆத்துல விழுந்து செத்தாரு, அதுக்காக நாலு விவசாயிங்கள 1943 மார்ச்ல தூக்குல போட்டாங்க. அத எடுக்கணும்னு ஜான் ரொம்ப அலைஞ்சாரு, நடக்கல. ஒடெஸ்ஸா இன்னொரு பத்து வருஷம் அவரோட ஓடியிருந்தா வந்திருக்கலாம்.

எதுல ஆரம்பிக்கலாம், எங்க பாக்கறது?

நீங்க தமிழ்ங்கறதால கழுதைலயே ஆரம்பிங்க, சப்டைட்டில் வேண்டாம். யூடியூப்ல தேடுனா சுமாரான பிரிண்ட் கிடைக்கும். அப்புறம் செரியாச்சன். 'அம்ம அறியான்' மட்டும் தனியா பாக்காதீங்க, நாலு பேர சேர்த்துக்கோங்க, பிலிம் சொசைட்டி எங்கயாவது போட்டா பஸ் புடிச்சாவது போங்க.

இப்ப யாராவது ஒடெஸ்ஸா மாதிரி பண்ண முடியுமா? கூகுள் பே எல்லாம் இருக்கே?

காசு சேர்க்கறது இப்ப ஈஸிதான், உக்காந்த எடத்துலேர்ந்தே லிங்க் அனுப்பலாம். நானே மூணு படத்துக்குப் போட்டிருக்கேன், படத்துக்கு ஐநூறு. ரெண்டு படம் முடிஞ்சுது, பேரு டைட்டில்ல வந்துச்சு, சந்தோஷம். ஆனா அந்த ரெண்டு டைரக்டரும் என் முகத்தப் பாத்ததில்ல, என் ஊருக்கு ப்ரொஜெக்டர தூக்கிட்டு வந்து திரை கட்டுனதும் இல்ல, படம் ஏதோ ஓடிடில வந்துச்சு, அதையும் சந்தா கட்டித்தான் பாத்தேன். மூணாவது படம் இன்னும் முடியல, மாசா மாசம் ஒரு மெயில் மட்டும் வந்துட்டிருக்கு.